தகரத்துக்கு எதிரே பத்து நிமிஷம்

ஜெயகரனுக்கு யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கஞ்சன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். முப்பத்தோரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காபி கொடுத்த மனுஷன் அவர். அதில் ஒருத்தரையாவது வாயைத் திறந்து வாங்க என்று அழைத்திருக்கிறாரா என்றால், கிடையாது. அழைக்கிற அவசியம் வந்ததில்லை. செகந்திராபாத் திருமுல்கேரியில் தமிழ் ஆராதனை நடக்கிற சர்ச்சின் வாசலிலிருந்து எண்ணி எண்பது எட்டு வைத்தால் அவர் வீடு. எட்டரைக்கு ஆராதனை முடியும். பஸ் வரவில்லை, ஆட்டோக்காரன் மீட்டர் போட மாட்டேன் என்கிறான், வெயில் ஏறிவிட்டது, மழை பிடித்துக்கொண்டது, ஏதோ ஒரு சாக்கு. வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"வர்றவங்களுக்கு வாசல் தெரியும். வெத்தலை பாக்கு வெச்சா அழைக்கணும்?" என்பாள் அவர் மனைவி மெட்டில்டா. கூப்பிட்டுக் கொடுத்தால் அது விருந்து, தானாக வந்தவருக்குக் கொடுத்தால்தான் காபி. இதுதான் அந்த வீட்டுச் சட்டம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத்தான் பிள்ளைகுட்டி மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் டிகாஷன் இறக்குவது மெட்டில்டா. கப் கழுவுவது எவாஞ்சலின் டீச்சர். காபி போன வாரம் மாதிரி இல்லை என்று ஒவ்வொரு வாரமும் குறை சொல்வதும் அதே எவாஞ்சலின் டீச்சர்தான். ஜன்னலோர நாற்காலி தேவசகாயம் சாருடையது. மிலிட்டரி கணக்கு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், பாட்டுப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார், இரண்டாவது கப் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்.

ஜெயகரனின் பங்கு ஒன்றே ஒன்று. கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிப்போய் அடுப்பில் பாலை ஏற்றுவது. ஐயர் கையைத் தூக்கிச் சொல்லும் ஆசீர்வாதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் முழுசாகக் கேட்டதில்லை. ஐயர் என்றால் பாதிரியார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சபைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஐயரே ஒருமுறை பிரசங்கத்தில் கேலி செய்தார், நம்ம ஜெயகரன் அண்ணனுக்கு மட்டும் ஆசீர்வாதம் பால் பாத்திரத்தில் பொங்குகிறது என்று. சபையே சிரித்தது. அவர் ஏன் ஓடுகிறார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெட்டில்டா போய்விட்டாள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டுக்கு அவர் கால்கள் தானாக எழுந்தன. பாலை ஏற்றிவிட்டு அடுப்பங்கரையிலேயே நின்றார். யாராவது வருவார்களா என்ற பயம் அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாக வந்தது. வந்தார்கள். பதினோரு பேர். எவாஞ்சலின் டீச்சர் டிகாஷன் இறக்கினாள், தேவசகாயம் சார் இரண்டு கப் குடித்தார். அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால் நானும் மெட்டில்டா பின்னாலேயே போயிருப்பேன் என்று ஜெயகரன் பிற்பாடு நினைத்துக்கொள்வார். மிகையில்லை, மனுஷன் அப்படித்தான் இருந்தார்.

வீடுதான் தாங்கவில்லை. அறுபது வருஷக் கட்டடம், உத்திரம் செல்லரித்துப்போய் மழைக்கு மழை ஒழுகியது. பில்டரிடம் ஒப்படைத்துவிட்டார். இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் வரும், அதில் ஒரு பிளாட் அவருக்கு. அதுவரை இரண்டு வருஷத்துக்கு வாடகை வீடு. வெகுதூரம் போகப் பிடிக்காமல் பின்பக்கத்துக் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியைப் பிடித்தார். லிப்ட் கிடையாது. வாசல் அடுத்த தெருவில். காக்கா பறந்தால் நாற்பது அடி, மனுஷன் நடந்தால் மூன்று திருப்பம். பால்கனியில் நின்றால் பழைய வீட்டின் கொல்லை காலடியில் கிடக்கும்.

வீடு மாறியதில் அவர் செய்த முதல் தப்பு தேனீக்கள் விஷயத்தில். பழைய வீட்டுப் பக்கவாட்டு வராந்தாவில், கல்பலகை மேல், அவருடைய அப்பாவின் வால்வு ரேடியோ கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் போய் மரப்பெட்டி மட்டும் மிச்சம். ஏழெட்டு வருஷமாக அதில் தேனீக்கள் குடித்தனம். கொட்டாது, தொந்தரவு கிடையாது. ரேடியோ இப்பத்தான் நல்லாப் பாடுது என்பாள் மெட்டில்டா, எடுக்க விடமாட்டாள். அதை இடிக்கிறவர்களிடம் விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, நனைத்த வேட்டியால் பெட்டியை மூடி, தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பால்கனியில் வைத்தார். பெரிய காரியம் சாதித்த திருப்தி.

சாயங்காலம் மிச்சச் சாமானுக்குப் பழைய வீட்டுக்குப் போனால், வராந்தாவில் தேனீ மேகம். வயலுக்குப் போன வேலைக்காரர்கள் வீடு திரும்புகிற மாதிரி, மேயப்போன பூச்சிகளெல்லாம் கல்பலகைக்கே வந்திருந்தன. பலகை காலி. ரேடியோ எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், வெறும் காற்றில், வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் ராணி, குஞ்சு, தேன் எல்லாம் நாற்பது அடி தள்ளி இருக்கிறது. ஒன்றாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

பதறிப்போய் கிரிக்குப் போன் போட்டார். கிரி அவரோடு பாலாநகர் பேக்டரியில் ஒரே செக்ஷன். விமான எலெக்ட்ரானிக்ஸ் பலகைகளில் சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை இரண்டு பேருக்கும். முப்பத்திநாலு வருஷம் பிறத்தியார் வேலையில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்கள். கிரி ரிட்டையர் ஆன பிறகு மேட்சல் பக்கம் நிலம் வாங்கி முப்பது தேன்பெட்டி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாய் விட்டுத் திட்டினார். பெட்டியை நகர்த்தினால் மூன்றடி நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மைல் கொண்டுபோக வேண்டும், நடுவாந்தரமாக நகர்த்தினால் தொலைந்தது, அதுவும் பகலிலா தூக்குவாய் என்றார். மூன்றடி என்றால் தடவிக் கண்டுபிடித்துவிடும். மூன்று மைல் என்றால் ஒன்றுமே தெரியாத இடம், புதுசாகப் படித்துக்கொள்ளும். பழகின வட்டாரத்துக்குள்ளேயே வைத்தால், மரத்தையும் சுவரையும் அடையாளம் பார்த்துப் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அது அதன் பிறவிக்குணம்.

"நாப்பதடிய்யா! மூக்கு இல்லையா அதுக்கு? என்ன புத்தி இது?" என்றார் ஜெயகரன்.

"அதுக்கு வழிதான் தெரியும். வீடு தெரியாது," என்றார் கிரி.

பரிகாரமும் சொன்னார். பெட்டி வாசலுக்கு எதிரே இலையும் தழையுமாக ஒரு கிளையைச் சாத்தி வை. வெளியே கிளம்புகிற பூச்சி முட்டிக்கொள்ளும். முட்டிக்கொண்டால்தான் நிற்கும். நின்றால்தான் இது வேறு இடம் என்று உறைக்கும், பெட்டியைத் திரும்பிப் பார்த்து வட்டம் போட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். பழசுகளில் பாதி அப்படியும் திருந்தாது. பரவாயில்லை, உள்ளே இருக்கிற இளசுகள் இனிமேல்தான் பறக்கப்போகின்றன, அவற்றுக்குப் புது அட்ரஸ்தான் தெரியும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஜெயகரன் வேப்பங்கிளை ஒடித்து வந்து சாத்தினார். அட்டைப்பெட்டியை வைத்துப் பழைய இடத்துப் பூச்சிகளில் ஒரு கூட்டத்தைப் பிடித்தும் வந்தார். மறுநாள் அதில் பாதி மறுபடி அங்கேயே போயிற்று. திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. வராந்தா விழுந்தது, கல்பலகை விழுந்தது, சுவரே விழுந்தது. புழுதி அடங்கினதும் பார்த்தார், அந்தக் காற்றில் அதே உயரத்தில் இருநூறு முந்நூறு தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நாலு நாள் சுற்றின. அப்புறம் ஒவ்வொன்றாக இடிபாட்டின் மேல் விழுந்து கிடந்தன. பால்கனியில் நின்று அதைப் பார்த்தபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. திரும்பினால் வீடு, திரும்பாமலா செத்தீர்கள் முட்டாள்களே என்று சத்தமாகவே சொன்னார்.

அந்த வாரமே மனையைச் சுற்றி எட்டடி உயரத்துக்கு நீலத் தகரம் அடித்துவிட்டார்கள்.

புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பாட்டு தொடங்கியதும் ஜெயகரன் எழுந்து, பக்கவாட்டுக் கதவு, சர்ச்சின் பின் கேட், மூன்று மாடி என்று மூச்சு வாங்க ஓடிவந்து பாலை ஏற்றினார். மேஜையில் பன்னிரண்டு கப். பால் பொங்கியது, டிகாஷன் இறங்கியது, மணி எட்டே முக்கால், படியில் ஒரு காலடி இல்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். மனைக்கு அப்பால், தகரத்துக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கச் சுவர் நிழலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எவாஞ்சலின் டீச்சர், தேவசகாயம் சார், மற்ற எட்டுப் பேர். கால் பழகின வழியில் எண்பது எட்டு வந்து பழைய வாசலில் நின்றிருக்கிறார்கள்.

கழுதை கெட்டா குட்டிச்சுவர் என்று அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது உறைக்கும், சுற்றிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தார். பத்து நிமிஷம் நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பன்னிரண்டு கப்பையும் திரும்ப அலமாரியில் வைத்தார். மிஞ்சின பாலை உறை ஊற்றினார். வாரம் பூராவும் தயிர்சாதம்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும். தகரத்துக்கு எதிரே பத்து நிமிஷம், அப்புறம் கலைதல். சர்ச்சுக்குள் நுழையும்போது ஸ்தோத்திரம் சொல்வார்கள், இவரும் சொல்வார். வாட்ஸ்அப்பில் காலையில் வசனம் வரும், இவரும் கைகூப்புகிற படத்தைப் போடுவார். அவ்வளவுதான். நாலாவது வாரம் அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. இத்தனை வருஷமும் அவர்கள் வந்தது இடத்துக்கு. பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஒரு திண்டும் நிழலும் இருந்தது, அதற்கு வந்தார்கள். மெட்டில்டாவுக்காகவும் வரவில்லை, இவருக்காகவும் வரவில்லை. வழிதான் தெரியும், வீடு தெரியாது. கிரி சொன்னது தேனீக்கு மட்டுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. தேனீயிலாவது இளசுகள் பின்னால் வரும். இவருக்கு இருப்பதெல்லாம் பழசுகள்.

இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற ஜாதி அவர். கூப்பிட்டுக் கொடுத்தால் அது காபி இல்லை, மெட்டில்டாவின் சட்டம். அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருந்தது பயம். கூப்பிட்டு, அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, மூணு மாடியா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால்? கூப்பிடாதவரைக்கும் அவர்கள் வழி தவறினவர்கள். கூப்பிட்டு வராவிட்டால் வேண்டாதவர்கள். அந்த இரண்டாவதை அவரால் தாங்க முடியாது.

ஆகவே காத்திருந்தார். வாரா வாரம் பாலை ஏற்றினார், கப்பை அடுக்கினார், பால்கனியில் வேப்பங்கிளைக்குப் பின்னால் நின்று பார்த்தார். அந்தக் கிளை ஒரு வாரத்துக்கு மேல் தேவையில்லை என்று கிரி எப்போதோ சொல்லியாயிற்று. ரேடியோப்பெட்டியில் இளம் தேனீக்கள் மத்தியான வெயிலில் பெட்டியைப் பார்த்தபடி மேலும் கீழும் மிதந்து வாசலைப் படித்துக்கொண்டு, ஜோராகப் போய் வந்துகொண்டிருந்தன. இருந்தும் ஜெயகரன் சனிக்கிழமைதோறும் காய்ந்த கிளையை எடுத்துவிட்டுப் பச்சைக் கிளை சாத்திக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நின்று பார்த்ததில் ஒவ்வொருத்தர் பழக்கமும் அவருக்கு மனப்பாடம் ஆனது. எவாஞ்சலின் டீச்சர் சுவரில் சாய்ந்து நிற்பாள். தேவசகாயம் சார் கொஞ்சம் தள்ளி, காகிதப்பூச் செடி ஓரம் நிற்பார், அடிக்கொரு தரம் பாட்டுப் புஸ்தகத்தை நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடிப்பார். வெயில் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது, ஒரு தொப்பி வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று ஜெயகரன் நினைத்துக்கொள்வார்.

ஆகஸ்டில் எவாஞ்சலின் டீச்சருக்கு மூட்டு ஆபரேஷன். கூட்டத்தில் ஒரு தலை குறைந்தது. பத்தாவது வாரம் தேவசகாயம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் ஜெயகரன் ஒரு பிடி மண் போட்டார். இரண்டாவது கப் கேட்காமல் எழுந்திருக்காத மனுஷன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, யார் கண்ணிலும் படாமல் எல்லோருக்கும் முந்தி வெளியே வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகரத்துக்கு எதிரே எட்டுப் பேர் நின்றார்கள். காகிதப்பூச் செடி ஓரம் யாரும் நிற்கவில்லை. ஜெயகரன் அன்றைக்கும் பன்னிரண்டு கப் எடுத்துவைத்தார்.

அக்டோபர் முதல் ஞாயிறு. சர்ச்சில் அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்சின் நுனியில், பக்கவாட்டுக் கதவை ஒட்டி, எவாஞ்சலின் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறாள். மடியில் கைத்தடி. காலை மடக்கி வழிவிட்டாள், ஜெயகரன் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பெஞ்சு நிறைய ஆள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அவர் கால்கள் எழுந்தன. பார்த்தால், டீச்சரின் ஆபரேஷன் கால் முன்பெஞ்சுவரைக்கும் நீட்டியிருக்கிறது, அதற்கு மேலே கைத்தடி குறுக்கே. போகணும் என்று ஜாடை காட்டினார். டாக்டர் மடக்கக்கூடாது என்றிருக்கிறார் என்று அவளும் ஜாடை காட்டினாள். தாண்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. எட்டிப் பார்த்து, எழுந்து, உட்கார்ந்து, கடைசியில் அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிந்தது. ஐயர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை ஆமென் வரைக்கும் கேட்டது அன்றைக்குத்தான். அதைக் கேட்டு முடித்ததும் அடுத்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

முன்வாசல் வழியாகத்தான் கூட்டம் நகர்ந்தது. இவரும் நகர்ந்தார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், தடியிருந்தும். பழைய தெருவில் ஜேசிபி வந்த நாளுக்குப் பிறகு அவர் காலே வைத்ததில்லை. பின் கேட்டும் அடுத்த தெருவும் என்று அவர் வழி மாறிப்போயிருந்தது. எண்பது எட்டு. கால் எண்ணிக்கொண்டே வந்து சரியாக நின்றது. எதிரே நீலத் தகரம். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி வேலை நின்றுபோன குழி. எட்டுப் பேரும் சுவர் நிழலில் வரிசையாக நின்றார்கள்.

ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அரட்டை அடிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வாரமும் நினைத்திருந்தார். எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரும் பார்த்தார். தகரத்துக்கு மேலே, காலி மனைக்கு அப்பால், ஒரு மூன்றாவது மாடி. கொடியில் ஒரு ஈரத்துண்டு. ஒரு ரேடியோப்பெட்டி. அதன் எதிரே பச்சை வேப்பங்கிளை. ஆளில்லாத பால்கனி.

"இங்கேருந்து என் வீடு தெரியுதே," என்றார் ஜெயகரன்.

"அதுக்குத்தானே நிக்கிறோம்," என்றாள் எவாஞ்சலின். "இந்த ஒரு இடத்துலேருந்துதான் தெரியுது. இந்தச் சுவரோரத்தைத் தாண்டினா மாமரம் மறைக்குது. எல்லா இடத்துலயும் நின்னு பார்த்தாச்சு."

அப்புறம் அவள் கொட்டினாள் பாருங்கள், பதினாலு வாரத்தையும் சேர்த்து. செகந்திராபாத்தில் மூன்றாவது தலைமுறை, கோபம் வந்தால் தமிழும் அந்த ஊர் தக்கினி உருதுவும் கலந்துதான் வரும். புது வீட்டுக்குப் போனவர் வீட்டு ஜெபம் வைப்பார், ஐயர் சர்ச்சில் அறிவிப்பார், குடும்பத்தோடு போகலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம். ஜெபம் வைக்காத வீட்டுக்கு எந்தச் சபைக்காரன் முதல் ஆளாகப் போய்க் கதவைத் தட்டுவான்? வாடகை வீடுதானே, ரெண்டு வருஷம்தானே என்று இவர் ஜெபம் வைக்கவில்லை. மெட்டில்டா இல்லாமல் எப்படி வைப்பது என்பது உள்காரணம், அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போகட்டும், சர்ச்சில் பிடித்துக் கேட்கலாம் என்றால், ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே எழுந்து ஓடுகிறார். முன்பு ஓடினால் பாலுக்கு ஓடுகிறார் என்று தெரியும். இப்போது யாருக்குப் பால்? ஆள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடுகிறார், அதனால்தான் லிப்ட் இல்லாத மூணாவது மாடியாகப் பார்த்து ஏறியிருக்கிறார் என்று முடிவுக்கு வந்தார்களாம்.

"பாலுக்குத்தான் ஓடினேன்," என்றார் ஜெயகரன். "வாராவாரம். பன்னெண்டு கப்."

 டீச்சர் கைத்தடியை ஊன்றி அவர் பக்கம் திரும்பினாள். "கைக்கு அண்ணே, ஏன் இப்படி? ஒரு வார்த்தை கூப்பிடறதுக்கென்ன?" என்றாள் அப்புறம், குரல் இறங்கி. "நான் கீழேருந்து கூப்பிடறேன்னேன். தேவசகாயம் சார்தான் நக்கோ, வேண்டாம்னார். துக்கத்துல இருக்கிற மனுஷன், அவனா வரட்டும், நாம இருக்கோம்னு தெரிஞ்சா போதும்னார். அதுக்குத்தானே அவர் புஸ்தகத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டிருந்தார். நீங்க ஒரு தரம்கூடக் கையைத் தூக்கல."

"வெயிலுக்கு மறைக்கிறார்னு நினைச்சேன்."

"ஹவ், ஆமா. நிழல்ல நிக்கிறவருக்கு வெயிலு," என்றாள் எவாஞ்சலின்.

ஜெயகரன் சுவரைப் பார்த்தார். எட்டே முக்கால் மணிக்கு அந்தச் சுவரின் நிழல் ரோட்டில் பாதிவரைக்கும் விழுந்திருந்தது. காகிதப்பூச் செடி ஓரமும் நிழல்தான். பூதக்கண்ணாடி வைத்து முப்பத்திநாலு வருஷம் தப்புக் கண்டுபிடித்தவர், பத்து வாரம் மேலேயிருந்து பார்த்தும் அந்த நிழலைப் பார்க்கவில்லை. தேனீயை முட்டாள் என்று திட்டின வாய் அது.  செடி ஓரம் போய் அந்த இடத்தில் நிற்கலாமா என்று நினைத்தார், கால் வரவில்லை. எவாஞ்சலின் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கால் மடக்கத்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றும், நான்தான் நீட்டினேன் என்றும் மெதுவாகச் சொன்னாள். 

ஐயரிடம் ஓடிப்போய் ஒருத்தர் பேசிவிட்டு வந்தார். புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். மூணு மாடியை ஒரு மணி நேரம் எடுத்தாவது ஏறுவேன், ஆனால் அன்றைக்குக் காபி நான்தான் போடுவேன், உங்கள் காபியை நம்பி ஏற முடியாது என்றாள் எவாஞ்சலின். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அவள் அவரை மேலே போகச் சொன்னாள். நீங்க மேலே போய்ச் சேருகிறவரைக்கும் நாங்கள் இங்கேதான் நிற்போம் என்றாள். இன்னும் இரண்டு மாதத்தில் குழி காய்ந்து பில்லர் எழும்பினால் இந்த இடத்திலிருந்தும் பால்கனி தெரியாது.

மூன்று திருப்பம், மூன்று மாடி. கதவைத் திறந்தால் காலையில் அவர் எடுத்துவைத்த பன்னிரண்டு கப் மேஜையில் இருந்தது. பால் அடுப்பில் ஏற்றாமல் பச்சையாக இருந்தது. நேரே பால்கனிக்குப் போய் வேப்பங்கிளையைப் பிடுங்கிக் கீழே போட்டார். தேனீக்கள் இரண்டு மூன்று அவர் கையைச் சுற்றிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. தகரத்துக்கு அப்பால் எட்டுப் பேரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள், அவர்களோடு டீச்சரும். அவரைக் கண்டதும் கைகளைத் தூக்கினார்கள்.

ஜெயகரனும் கையைத் தூக்கினார். முதலில் காகிதப்பூச் செடி ஓரத்தைப் பார்த்துத்தான் தூக்கினார். அங்கே யாருமில்லை. கை வலிக்கிறவரைக்கும் அவர் அதை இறக்கவில்லை.